நான்கு பேரும் ஒத்துக்கொண்ட வாக்கியம்

கூட்டாசான் வகுப்பெடுக்க வந்த பிறகு, வெள்ளவியல் துறையில் யாருக்கும் தொண்டை கட்டுவதில்லை.

மகிழினி அதற்காகவே அந்த எந்திரத்தை வரவேற்றவள். இத்தனை வருடமும் வெந்நீர்க் குப்பியும் மிளகுமாக மழையியல் நடத்திக் களைத்திருந்தாள். இப்போது வகுப்பறைக்கே போக வேண்டியதில்லை. மாடி அறையில் உட்கார்ந்திருந்தால் போதும். கீழே வகுப்பில், சுவரிலிருந்து அவள் குரலே பாடம் நடத்தும்.

அவள் குரல் மட்டுமல்ல. ‘வெள்ளமும் மக்களும்’ என்ற அந்தப் பாடத்தை நான்கு பேர் சேர்ந்து நடத்தி வந்தார்கள். மழை மகிழினிக்கு. அணையும் மதகும் தர்ஷனுக்கு. நால்வரில் மூத்தவர் அவர். எந்த அளவு வெள்ளம் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று கணக்கிடுவது ரெஹானுக்கு. ஆட்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவது ஜெர்லினுக்கு. பாடம் நடத்தியதைவிட அதைப் பங்கு பிரிக்கத்தான் அதிக நேரம் போயிற்று. கேள்வித்தாள் யார் எடுப்பது, மதிப்பெண்ணை யார் கூட்டுவது, பையன்கள் புகார் சொன்னால் யார் போய் நிற்பது என்று வாரா வாரம் கூட்டம் போட்டார்கள்.

அந்தத் தொல்லைக்குத்தான் பல்கலைக்கழகம் கூட்டாசானை வாங்கிப் போட்டது. இரண்டு வருடங்களாக நால்வரும் எடுத்த வகுப்புகள், கூட்டங்களில் பேசியவை, ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள், வராந்தாவில் நின்று பேசியது வரை எல்லாவற்றையும் அதற்குள் ஊற்றினார்கள். நான்கு தலையும் ஒரு வாயும் கொண்ட ஆசிரியர் பிறந்தார். எந்தப் பகுதி நடக்கிறதோ அந்தப் பகுதிக்காரரின் குரலில் பேசுவார். மாணவர்கள் ‘ஆசான்’ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

நால்வருக்கும் மிஞ்சிய வேலை ஒன்றுதான். மாடி அறைச் சுவரில் ஓர் ஒப்புதல் பலகை இருந்தது. அதில் ஆளுக்கொரு விளக்கு. பாடத்தில் இல்லாத புதுப் பதில் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் அது பலகையில் வந்து நிற்கும். மேசையிலிருந்தே பொத்தானை அழுத்தலாம். மூன்று விளக்குகள் பச்சையானால் பதில் பாடமாகிவிடும்.

“பலகையில ஒண்ணு நிக்குது போலிருக்கே சார்,” என்பார் ரெஹான்.

“ஜெர்லின் பாத்துட்டா நானும் போட்டுடறேன்,” என்பார் தர்ஷன்.

“நல்லா இருக்கே! நான் உங்களுக்காகல்ல காத்துட்டு இருக்கேன்,” என்பாள் ஜெர்லின்.

சிரிப்பார்கள். தேநீர் வரும். நால்வருக்குள் ஒரு சண்டையும் கிடையாது. பாடத்தில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏற்பதில்லைதான். அதை முகத்துக்கு நேரே சொல்வதும் இல்லை.

ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்த அறைக்கு ஒரு மாணவி வந்தாள். மாணவர்கள் மாடிக்கு வந்து வெகு நாளாகியிருந்தது. அவளை உட்காரச் சொல்ல நாற்காலிகூட இல்லை.

“என் பேரு செல்வக்கனி, மேடம். கடைசி வருஷம். செம்மணல்பட்டி ஏரி மதகு அறையில பயிற்சிக்குப் போட்டிருக்காங்க.”

“சொல்லும்மா.”

“ஒரு சந்தேகம். ஏரி நிறைஞ்சு மதகைத் திறக்கணும்னா, கீழ ஓடைக்குப்பம் இருக்கு. அந்த ஜனங்களுக்கு யார் சொல்லணும்? சொல்லி எவ்வளவு நேரம் கழிச்சுத் திறக்கலாம்?”

“ஆசான்கிட்ட கேட்டியா?”

“தினமும் கேக்கறேன் மேடம். நீங்களே கேளுங்களேன்.”

செல்வக்கனி கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டினாள். முதலில் தர்ஷனின் கனத்த குரல் வந்தது. திறப்பதுதான் தன் பகுதி என்றும், ஜனங்களுக்குச் சொல்வதை ஜெர்லின் மேடம் பார்த்துக்குவாங்க என்றும் சொன்னது. உடனே ஜெர்லின் குரல். எப்போது திறப்பார்கள் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும், அதை ரெஹான் சார் பார்த்துக்குவார். ரெஹான் குரல் மழையைக் கேட்டது. அது மகிழினி மேடத்தோட பகுதி. கடைசியாக மகிழினியின் குரல் வந்தது. குரலுக்கு முன்னால் ஒரு சின்னப் பெருமூச்சு. அப்புறம், “மழையை நான் சொல்லிடுவேன்மா. மதகை தர்ஷன் சார் பார்த்துக்குவார்.”

அதோடு நிற்கவில்லை. மறுபடியும் தர்ஷன் ஆரம்பித்தார்.

“நிறுத்தும்மா,” என்றாள் மகிழினி. அந்தப் பெருமூச்சு அவளுடையதுதான். தான் அப்படி மூச்சு விடுவது அவளுக்கு இதுவரை தெரியாது.

அறையில் மற்ற மூவரும் சிரித்துவிட்டார்கள். “அச்சு அசல் நம்மளேதான்!” என்றார் ரெஹான்.

“சரி சார், பதில் என்ன?” என்றாள் செல்வக்கனி.

சிரிப்பு அடங்கியது. தர்ஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மதகு சம்பந்தப்பட்டதுதான். ஆனா ஜனங்கன்னு வந்துட்டா...”

“நேரம் கேக்கறாளே சார். நேரம்னா கணக்கு,” என்றாள் ஜெர்லின்.

“கணக்குப் போட மழை வேணுமே,” என்று ரெஹான் மகிழினியைத் திரும்பிப் பார்த்தார்.

செல்வக்கனி தன் கையிலிருந்த பலகையைக் குனிந்து பார்த்தாள், அதுதான் இன்னும் பேசுகிறதோ என்பதுபோல.

அவள் போன பிறகு மகிழினி பராமரிப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டாள். சஞ்சித் என்றொருவன் பேசினான். அவன் குரலில் தூக்கம் இருந்தது.

“பழுதெல்லாம் இல்லை மேடம். நல்லா வேலை செய்யுது.”

“ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுதே.”

“அதுக்கு விதி ஒண்ணு இருக்கு. ஒரு விஷயத்தை நாலு பேரும் சொல்லியிருந்தா அது உறுதியான அறிவு. ரெண்டு மூணு பேர் சொல்லியிருந்தா கருத்து. ஒருத்தர் மட்டும் சொன்னா குறிப்பு. உங்க ரெண்டு வருஷப் பேச்சுல மழையளவுலகூட நீங்க நாலு பேரும் ஒத்துப்போகலை மேடம். நாலு பேரும் ஒத்துக்கிட்ட வாக்கியம் ஒண்ணே ஒண்ணுதான். ‘அதை அவர் பார்த்துக்குவார்.’ பாடத்துலயே உறுதியான அறிவு அதுதான்னு ஆசான் எடுத்துக்கிச்சு. தேர்வுலகூட அதுக்கு மார்க் உண்டு.”

“மார்க்கா?”

“போன வருஷம் பாஸ் பண்ணினவங்க எல்லாரும் அந்தக் கேள்விக்கு முழு மார்க் மேடம்.”

போன வருடம் பாஸ் செய்தவர்கள்தான் இப்போது மாவட்டத்தின் மதகு அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

மகிழினி அன்றே பதிலை எழுதிப் பலகையில் ஏற்றினாள். மதகைத் திறப்பவர்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, ஆட்கள் மேடான இடத்துக்குப் போய்விட்டார்கள் என்று பதில் வந்த பிறகே திறக்க வேண்டும். இதற்கு நேரம் வேண்டும் என்பதால், ஏரி நிறையும் வரை காத்திராமல் மழை முன்னறிவிப்பு வந்த உடனே தொடங்கிவிட வேண்டும். எழுதி முடித்தபோது இது ஒன்றும் பெரிய ஞானமாகத் தெரியவில்லை. நான்கு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தோன்றியிருக்கும்.

அவள் விளக்கு பச்சையானது. மற்ற மூன்றும் இருண்டே கிடந்தன.

“அருமையா எழுதியிருக்கீங்க,” என்றார் தர்ஷன். “ஜெர்லின் பாத்துட்டாங்களா?”

“வாசிச்சேன் மேடம், ரொம்பச் சரி,” என்றாள் ஜெர்லின். “சார் முதல்ல போட்டுட்டா நல்லது. அவர் சீனியர், இல்லையா?”

ரெஹான் இரண்டு நாள் விடுப்பில் போனார். வந்த பிறகு, இரண்டாவது பத்தியில் ஒரு சொல்லைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். எந்தச் சொல் என்று மகிழினி கேட்டாள். அதையும் யோசிக்க வேண்டும் என்றார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. இதே பலகையின் முன்னால் அவளும் எத்தனையோ முறை அப்படித்தான் காத்திருந்தாள். யாருடைய பதிலுக்காக, எந்த ஊருக்காக என்று இப்போது நினைவில்லை.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டதாக முன்னறிவிப்பு வந்தது. பலகையில் அவள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. செல்வக்கனியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“நீதான் சொல்லணும்மா. திறக்கிறது யாரோ அவங்கதான் சொல்லணும். அவங்க மேல போயிட்டோம்னு பதில் சொல்லாம மதகைத் தொடாதே. இன்னைக்கே ஆரம்பி.”

“இது ஆசான் பதிலா மேடம்?”

“இல்லை.”

“அப்போ எந்தப் பகுதி?”

“எந்தப் பகுதியும் இல்லைம்மா. நான் சொல்றேன். யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு.”

“மகிழினி மேடம் சொன்னாங்க,” என்று செல்வக்கனி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அப்படி ஒரு பதிலை அந்தப் பெண் இதற்கு முன் கேட்டதில்லை போலிருந்தது.

மழை மறுநாள் காலையில் பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் வளாகத்து வேப்பமரங்கள் தண்ணீருக்குள் நின்றன. செல்வக்கனி தொலைபேசியை எடுக்கவில்லை. மகிழினி செம்மணல்பட்டி மதகு அறையின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். ஓர் இளைஞன் எடுத்தான். போன வருடத்து மாணவன்தான், குரல் பிடிபட்டது.

“ஏரி எவ்வளவு இருக்குப்பா?”

“நிறையப் போகுது மேடம். திறக்கச் சொல்லி உத்தரவு வந்திடுச்சு.”

“ஓடைக்குப்பத்துக்குச் சொல்லியாச்சா?”

ஒரு சின்னப் பெருமூச்சு கேட்டது. அதே அளவு, அதே இடத்தில். அப்புறம் அவன் சொன்னான்: “நாங்க திறந்துடுவோம் மேடம். சொல்றதை அடுத்த பிரிவு பார்த்துக்குவாங்க.”

அவன் சொன்ன வார்த்தைகளை எங்காவது கேட்டிருக்கலாம். அந்த மூச்சை எங்கே படித்தான்?

“செல்வக்கனி எங்கே? அவகிட்ட குடு.”

“அவ ஒரு மாதிரி மேடம். மதகுச் சாவியை எடுத்து வெச்சுக்கிட்டுத் தரமாட்டேங்கறா. காலையிலேர்ந்து ஒலிபெருக்கியில கத்திக்கிட்டே இருக்கா. அது எங்க வேலையே இல்லை.”

அவனுக்குப் பின்னால், மழை இரைச்சலுக்கு நடுவே, ஒரு பெண் குரல் கேட்டது. “பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க ஏறிட்டாங்களா? ஏறிட்டோம்னு சொல்லுங்க, அப்பதான் திறப்பேன்! யார் சொன்னாங்களா? மகிழினி மேடம் சொன்னாங்க!”

மகிழினி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில், எல்லாரும் ஏறியாயிற்று என்று குப்பத்திலிருந்து ஓடிவந்த யாரோ சொல்லும் குரலும், மதகுக் கதவு உயரும் இரும்புச் சத்தமும் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஓடைக்குப்பத்தில் வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மழை ஓய்ந்ததும் விசாரணை வந்தது. உத்தரவு வந்தும் சாவியை ஏன் கொடுக்கவில்லை என்று செல்வக்கனியைக் கேட்டார்கள். அவள் ஒரே பெயரைச் சொன்னாள். மகிழினியைக் கேட்டார்கள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றாள். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. செல்வக்கனி தப்பித்தாள். விசாரணைப் பேச்சு முழுவதையும், வழக்கப்படி, கூட்டாசானுக்குள் ஊற்றினார்கள்.

மழை விட்டு வெயில் வந்த முதல் நாள் மகிழினி மாடி ஏறியபோது வராந்தாவில் மாணவர்கள் நின்றிருந்தார்கள். வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது.

“என்னம்மா, என்ன ஆச்சு?”

“சந்தேகம் மேடம். ஆசான் உங்ககிட்ட போகச் சொன்னார்.”

ஒருத்தி தன் பலகையைத் தட்டினாள். பாலம் உடைந்தால் மருந்து யார் கொண்டுபோவது என்று கேட்டிருந்தாள். தர்ஷன் குரல் சொன்னது: அதை மகிழினி மேடம் பார்த்துக்குவாங்க. ரெஹானும் அதையே சொன்னார். ஜெர்லினும். கடைசியில் ஒரு பெருமூச்சு, அப்புறம் அவள் குரலே: “அதை மகிழினி மேடம் பார்த்துக்குவாங்கம்மா.”

சஞ்சித்தைக் கூப்பிட்டாள்.

“பழுதெல்லாம் இல்லை மேடம்,” என்றான் அவன். “இப்பத்தான் சரியாயிருக்கு. ‘அவர் பார்த்துக்குவார்’ங்கறது உறுதியான அறிவு, ஆனா எங்கேயும் நடந்ததா பதிவு இல்லை. அதனால சுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்போ ஒரு இடத்துல நிஜமாவே ஒருத்தர் பார்த்துக்கிட்டார். ஆசானுக்கு ஆள் கிடைச்சாச்சு.”

“அதை எடுத்துடுங்க.”

“என்னால முடியாது மேடம். இப்போ தற்காலிகமாத்தான் சொல்லுது, பலகைக்கு அனுப்பியிருக்கேன். உங்க நாலு பேர்ல மூணு பேர் சரின்னா பாடம், இல்லைன்னா எடுத்துடலாம்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒப்புதல் பலகையில், அவள் எழுதிய பதில் இன்னும் ஒற்றை விளக்கோடு நின்றது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. இரண்டு பகுதிகளுக்கு நடுவில் விழும் கேள்விகள் அனைத்தும் மகிழினியைச் சேரும்.

எப்போதும் பல நாள் தொங்கும் பலகை அது. அவள் வாசித்து முடிப்பதற்குள் தர்ஷனின் விளக்கு பச்சையானது. ரெஹானுடையது. ஜெர்லினுடையது.

“உங்களுக்குத்தான் மேடம் அந்தத் திறமை,” என்றார் தர்ஷன், பையை எடுத்துக்கொண்டு. நிஜமான மரியாதையோடுதான் சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டிவிட்டு அவர் பின்னால் போனார்கள்.

மகிழினி அவர்கள் நாற்காலிகளில் ஒன்றை இழுத்து மேசைக்கு எதிரே போட்டாள். வரிசையில் முதலில் நின்ற பெண் வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லும்மா,” என்றாள் மகிழினி. சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தாள். வரிசையில் பாதிதான் குறைந்திருந்தது. வெந்நீர்க் குப்பியை எங்கே வைத்தோம் என்று தேடியபோது, தொண்டை கட்டியிருந்தது.