ஜெயசுதா சிரித்த வீடு

அவிநாசிபாளையத்தில் வேல்குமார் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தம்பி அர்த்தநாரி மாசியில் இறந்துபோன பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டை வாடகைக்கு விடலாமென்று வந்திருந்தார். பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் பாண்டித்துரை, இருட்டுவதற்குள் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான்.

கதவைத் திறந்ததும் புழுக்கம் முகத்தில் அடிக்குமென்று நினைத்தார். சீயக்காய் வாசம் அடித்தது. யாரோ தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பக்கம் போனது போல.

ஜெயசுதா இப்படித்தான் மணப்பாள். அவர் மனைவி. அவள் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

வாலிப வயதில் ஒரு மே மாத லீவுக்குப் இந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் அத்தையிடம் தங்க வந்தவள் அவள். அண்ணன் தம்பி இருவருமே அவள்மேல் உயிராக இருந்தார்கள். அவள் மனம் போனது அர்த்தநாரியிடம். அது தெரிந்தும் வேல்குமார் முந்திக்கொண்டு அப்பாவிடம் பெண் கேட்கச் சொன்னார். மூத்தவன் இருக்க இளையவனுக்கா? ஆவணியில் கல்யாணம் முடிந்தது. புதுப்பெண்ணோடு திருப்பூருக்குக் குடிபோன அண்ணனிடம் அர்த்தநாரி பிறகு பேசவே இல்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சித்தப்பா என்று கூப்பிட ஆளில்லாமலே வேல்குமாரின் மகன் வளர்ந்தான். ஜெயசுதா வேளாவேளைக்குச் சோறு போட்டாள். வாய்விட்டுச் சிரித்ததில்லை.

கரண்ட் போனது. சுற்றிலும் தறிச்சத்தம் அடங்கியது.

உள்ளறையில் ஒரு பெண் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். அந்தக் கோடையில் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டது.

உள்ளறைக்குப் போனார். யாருமில்லை. இப்போது சமையலறையில் வளையல் குலுங்கியது. அங்கே ஓடினார். உள்ளறையில் தம்பியின் தாழ்ந்த குரல். அதற்குப் பதிலாக அவள் சிரிப்பு.

அவர் போன இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை.

“ஜெயா...”

எல்லாம் நின்றது.

“அர்த்தநாரி, அண்ணன் வந்திருக்கறன்டா. எங்கிட்டயும் ஒரு வார்த்தை பேசுங்களேன்.”

வேண்டாத விருந்தாளி எப்போது எழுந்து போவான் என்று பார்ப்பதுபோல, வீடு மூச்சடக்கிக் காத்திருந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். கொஞ்ச நேரத்தில் பாண்டித்துரை வந்தான்.

“நீங்க நில்லுங்கண்ணே, நான் பாத்துட்டு வாரேன்.”

போன வேகத்தில் திரும்பினான்.

“என்னண்ணே, ஆளு குடியிருக்குற வீட்டைக் காட்டுறீக?”

“உள்ள யாருமில்லீங்களே தம்பி.”

“ஒரு அக்கா இருக்காகளே. கதவோரமா வந்து மெதுவாக் கேட்டாக.”

இத்தனைக்குப் பிறகும் வேல்குமாரின் நெஞ்சு ஆசையில் எம்பியது.

“என்... என்னங்க கேட்டா?”

பாண்டித்துரை வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“‘அவரு போயிட்டாருங்களா’ன்னு.”

திறந்திருந்த கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.