பதினைந்தாவது தூளி

பகல் சாப்பாட்டுச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, சணல் மில் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையின் விட்டத்தில் தொங்கிய தூளிகளைத் தேவகிருபை ஆயா வழக்கம்போல் ஒரு பார்வை பார்த்தாள். பதினான்கு பிள்ளைகள், பதினான்கு தூளிகள். அன்று பதினைந்து தொங்கின.

கண் ஏமாற்றியிருக்கும் என்று சுவரோரத்திலிருந்து திரும்ப எண்ணினாள். பதினைந்துதான். பதினைந்தும் பாரத்தில் கீழே இழுபட்டு, மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

ஐப்பசி மழை காலையிலிருந்து தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. பக்கத்து மில் கட்டடத்தில் சாக்கு தைக்கும் மிஷின்களின் இரைச்சலும், கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் கூட்ஸ் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஓசையும் அந்த மழைக்குள்ளிருந்து அமுங்கி அமுங்கி வந்தன. நனைந்த சணலும் கரிப்புகையும் மூத்திரத் துணியும் கலந்த வாடை, ஜன்னல் சாத்திய அந்தக் கொட்டகைக்குள் வெளியே போக வழியில்லாமல் சுற்றியது. மணி இரண்டுகூட ஆகவில்லை. உள்ளே அந்தி நேரம்போல் இருட்டிக் கிடந்தது.

அடுப்பு மூலையில் ஒரு தூளி தொங்கியது. அந்தக் கொக்கியில் இரண்டு மாதமாக அவள் எதையும் கட்டியதில்லை.

அது ராஜாத்தியின் பிள்ளை குணசேகரனின் இடம். ஒன்றரை வயது. மற்றப் பிள்ளைகளுக்குப்போல அவனுக்கும் அபினை வெந்நீரில் கரைத்து நாக்கில் தடவிவிட்டு, தலை குளிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள் தேவகிருபை. அன்றைக்கு மருந்து அவனுக்குப் போதவில்லை. தூளியிலிருந்து இறங்கி, தவழ்ந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிச் சட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான்.

விசாரணையில் தேவகிருபை கூசாமல் சொன்னாள். தாய்தான் வேலை நேரத்தில் திருட்டுத்தனமாக வந்தாள், பிள்ளையை எடுத்துக் கொஞ்சினாள், கீழே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மேஸ்திரி தலையாட்டினார். ராஜாத்தியின் வேலைச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பல நாள் அவள் மில் கேட்டுக்கு எதிரே நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. தேவகிருபை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். இந்தப் பத்து நாளாக அவளைக் காணோம். சனியன் விட்டது என்று தேவகிருபை நினைத்திருந்தாள்.

யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் கட்டிவிட்டுப் போயிருப்பாள் என்று தேற்றிக்கொண்டு மூலைக்கு நடந்தாள். காலையில் மழைக்கு ஒதுங்கிய பெண்கள் கூட்டமாக நெருக்கியடித்துப் பிள்ளைகளை நீட்டியது நினைவுக்கு வந்தது. அதில் ஒருத்தி முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தாள். அவள் கொடுத்த பிள்ளை துணிக்கு மேலேயே சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தள்ளிவிட்டுப் போகிறாளே என்று எரிச்சல்பட்டாள் தேவகிருபை. எந்தத் தூளியில் போட்டோம் என்பது நினைவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளையின் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்? கொஞ்ச நேரத்துக்கு முன்பும் வரிசையாக நாக்கில் விரலை வைத்துக்கொண்டே போனாள். எத்தனை நாக்கு என்று எண்ணவில்லை.

தூளியின் துணியைத் தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

"ஆயா."

தேவகிருபை திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் தாயம்மா நின்றிருந்தாள். சாக்கு தைக்கிறவள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இந்த நேரத்துக்கு வருவாள். தன் பெண்ணைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சேதி தெரியுமா? ராஜாத்தி பூட்டா."

"எங்க போய்ட்டா?"

"செத்துப்பூட்டா. புள்ள போனதுலேர்ந்து சோறு தண்ணி இறங்கல. நேத்து சாயங்காலம் மூலக்கொத்தளத்துல பொதைச்சிட்டு வந்தோம்."

"நேத்தா?"

"ஆமா. கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லிகினே கெடந்தா." தாயம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "என் புள்ளைய இன்னொரு தபா அந்த ஆயா கையில குடுக்கணும். இந்த வாட்டி அவ நல்லா பாத்துக்குவா. அப்டின்னா."

"எனக்கென்னட்டி தெரியும்? நான் ஒரு பாவமும் அறியேன்."

தாயம்மா எழுந்து பெண்ணைத் தூளியில் போட்டாள். போகும்போது அடுப்பு மூலையை ஒருமுறை பார்த்தாள். பார்த்துக்கொண்டே வெளியேறினாள்.

தேவகிருபை அவள் பின்னாலேயே கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். மூலையில் கயிறு முறுகும் சத்தம் கேட்டது. நின்றாள். சத்தமும் நின்றது. இன்னொரு எட்டு. தூளி ஆடியது. காற்றில்லை. மற்றத் தூளிகள் அசையவில்லை. அது மட்டும் நீளமாக, வேகமாக, அவள் நின்ற பக்கமாகவே ஆடியது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். ஆட்டம் மெல்ல அடங்கியது.

அப்படியே இருந்தாள். கால் மரத்தது. ஜெபம் வாயில் வரவில்லை. முதல் வரியைத் தாண்டினால் மறந்துபோனது.

பிறகு கஞ்சி வாசம் வந்தது. மழை ஒழுகி அடுப்பு காலையிலேயே அணைந்துவிட்டது. ஆனாலும் வந்தது. கொதிக்கிற வாசம். அடியில் பிடிக்கிற வாசம்.

ஐந்து மணிச் சங்கு ஊதியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தாய்மார்கள் நனைந்துகொண்டு வந்தார்கள். வழக்கமாக இரைச்சல் போடுகிறவர்கள், அன்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு தூளியை அவிழ்த்தார்கள். தூங்கி வழிந்த பிள்ளைகளைத் தோளில் சாத்திக்கொண்டார்கள். தேவகிருபை எழுந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தாயம்மா கடைசியாக, பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்றாள்.

"தள்ளு தாயம்மா. நானும் வாரேன்."

"எங்க வர்ற? இன்னும் ஒரு புள்ள கீதே."

"அது நம்ம பிள்ளை இல்லட்டி. உன் காலப் பிடிக்கேன். என்னைய விட்டுரு."

"அம்மாக்காரி வர்ற வரிக்கும் ஆயாதான பாத்துக்கணும்?" தாயம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. அவளுக்குப் பின்னால் மழையில் மற்றப் பெண்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்துக்கோ."

மார்பில் கைவைத்துத் தள்ளினாள். கதவு சாத்தப்பட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

தேவகிருபை கதவை அடித்தாள். கத்தினாள். சேற்றில் கால்கள் நடந்து போயின. ஓடவில்லை. நடந்துதான் போயின. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மழை மட்டும்.

கயிறு முறுகியது.

திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

மூலைத் தூளியின் துணி விலகிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு கை. பிறகு இன்னொன்று. சின்னக் கைகள். தூக்கிக்கொள்ளச் சொல்லி எல்லாப் பிள்ளைகளும் நீட்டுவதுபோல, விரல்களை விரித்து, அவளை நோக்கி நீண்டன. இன்னும் நீண்டன.

இரண்டு கைகளிலிருந்தும் ஆவி பறந்துகொண்டிருந்தது.