பதில் சொல்லாத முதுகு

“ஐயோ…!”

அலறல் முன் அறையில் கிளம்பியது. நடைக்கூடம் வழியே ஓடியது. மூடியிருந்த கதவைத் துளைத்துக்கொண்டு பின் அறைக்குள் வந்து விழுந்தது.

பின் அறையில் இரண்டு கைகள் நிற்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

ஐந்து மாதக் குழந்தை ஒன்று துண்டின் மேல் மல்லாந்து கிடந்தது. அதன் இடது காலைத் தொடையிலிருந்து பாதம் வரை, பால் கறப்பது போல, மெல்ல இழுத்து இழுத்து விட்டன அந்தக் கைகள்.

அவளுக்கு ஊருக்குள் ஒரு பட்டப்பெயர் உண்டு. கைராசிக்காரி!

நாளெல்லாம் வீறிடும் குழந்தைகூட அவள் கை பட்ட இருபதாவது நிமிஷம் கண் அசந்துவிடும். முன் அறையில் பெரியவர்களின் முதுகெலும்பைச் சொடக்கெடுத்து நிமிர்த்துபவர் அவள் கணவர். போர்டில் ‘கைரோபிராக்டர்’ என்று இருந்தது. அது வாயில் நுழையாதவர்கள் சுருக்கமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்… நெட்டி டாக்டர்.

“அக்கா… யாரோ கத்தறாங்க!” என்றாள் குழந்தையின் அம்மா. இளம் பெண். கண்கள் வீங்கியிருந்தன.

“கேட்டுச்சு.”

“போய்ப் பார்க்கலையா?”

“வலது கால் இன்னும் பாக்கி இருக்கு.”

கதவு படாரென்று திறந்தது. ரிசப்ஷன் பெண். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

“அக்கா! சார்… சார் டேபிள்ல… செத்து…”



கைராசிக்காரி குழந்தையைத் துண்டில் சுற்றினாள். அதன் அம்மாவிடம் கொடுத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக!

பிறகுதான் எழுந்தாள்.

நெட்டி டாக்டர் தன் சொந்த சிகிச்சை மேஜையில் குப்புறக் கிடந்தார். நோயாளிகள் முகத்தைப் பொதித்துக்கொள்ளும் வட்ட ஓட்டைக்குள் அவர் முகம் இருந்தது. பின்னங்கழுத்தில் ஒரு நீளமான பள்ளம். தரையில் ஓர் இரும்பு ஸ்டேண்ட். அதில் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பு முத்து முத்தாகச் சிதறி, ஒரு கண்ணி அலமாரிக்கு அடியில் உருண்டு போயிருந்தது.

அவள் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளுக்குள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு விளக்கை அணைத்துவிட்டுப் போன அறை போல இருந்தது நெஞ்சு.

“போலீசுக்குப் போன் பண்ணு” என்றாள். “வெளில உக்காந்திருக்கிறவங்களுக்கு வேற தேதி கொடு.”

*

இன்ஸ்பெக்டர் இருபதே நிமிஷத்தில் வந்தார். உருண்டையான மனிதர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நடந்தார்.

“நீங்கதான் சம்சாரமா?”

“ஆமா.”

“அழலையா?”

“வரல.”

பஸ் வரவில்லை என்பது போலச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மார்பில் அடித்துக்கொண்ட மனைவிகளைப் பார்த்திருக்கிறார். மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறார். இந்த ரகம் அவருக்குப் புதிது.

ரிசப்ஷன் பெண்ணிடம் திரும்பினார்.

“கடைசியா உள்ள போனது யாரும்மா?”

“ஒரு லாரி டிரைவர் சார். இடுப்புப் பிடிப்பு. பத்து அஞ்சுக்கு வெளில வந்தார். சார் வாசல் வரைக்கும் வந்து, ‘குனிஞ்சு வெயிட் தூக்காதீங்க’ன்னு சொல்லி அனுப்பிச்சார். அப்புறம் என்கிட்ட, ‘பத்தே முக்கால் வரைக்கும் யாரையும் விடாதே, கொஞ்சம் படுக்கறேன்’னார்.”

“நீ எப்ப போய்ப் பார்த்தே?”

“பத்தே முக்காலுக்கு எழுப்பப் போனேன் சார். அப்பதான்…” அவள் தேம்பினாள்.

“நடுவுல யாரும் போகல?”

“நான் போன்ல இருந்தேன் சார். கவனிக்கல.”

“நீ கவனிக்கலைன்னா என்ன? அது கவனிச்சிருக்கும்!” என்று நடைக்கூடத்துக் கேமராவைக் காட்டினார் இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் பதிவை ஓடவிட்டான்.

10.25… ஒரு பெண் டாக்டரின் அறைக்குள் நுழைகிறாள்.

10.27… வெளியே வருகிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு!

வேறு யாரும் அந்தக் கதவைத் தொடவில்லை. 10.45க்கு ரிசப்ஷன் பெண் போகும் வரை!

“யார் இந்தப் பொண்ணு?”

எல்லோர் கண்களும் ஒரே இடத்தில் போய் நின்றன.

குழந்தையை இறுக்கி அணைத்தபடி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள் அந்த இளம் தாய்.

“உள்ள எதுக்கும்மா போனே?”

“சார்… நான்… கேக்கறதுக்குப் போனேன்…”

“என்ன கேக்கறதுக்கு?”

அவள் கை தோளில் தொங்கிய பைக்குப் போனது. பெண் கான்ஸ்டபிள் அவள் தோள்பையை வாங்கித் திறந்தாள். பால் புட்டி. இரண்டு இடுப்புத் துணி. அடியில் ஒரு பெரிய கவர். உள்ளே எக்ஸ்ரே!

இன்ஸ்பெக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சின்னஞ்சிறு விலா எலும்புகள். மீன் முள் மாதிரி.

“என்ன இது?”

“நேத்து பெரிய ஆஸ்பத்திரில எடுத்தது சார். இடது பக்கம் ரெண்டு விலா உடைஞ்சு கூடியிருக்காம். ‘பச்சைக் குழந்தையை யாரு அடிச்சது?’ன்னு என்னையும் என் வீட்டுக்காரரையும் தனித்தனியா உக்கார வெச்சுக் கேட்டாங்க. நாளைக்குக் குழந்தைகள் நலத்துறையில இருந்து வீட்டுக்கு வராங்க. குழந்தையை எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்…”

“சரி. யாரு அடிச்சது?”

“யாரும் அடிக்கல சார்!” அவள் குரல் உடைந்தது. “மூணு வாரம் முன்னாடி மசாஜுக்கு வந்தோம். அன்னிக்கு அக்கா லீவு. ‘இது ஓயாம அழறதுக்குக் காரணமே முதுகெலும்புதான், அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்’னு சார்தான் குழந்தையை வாங்கினார். குப்புறப் போட்டு ஒரு அமுக்கு… டக்குனு சத்தம் கேட்டுச்சு. குழந்தை மூச்சு விடாம அழுதுச்சு. ‘எலும்பு சரியான இடத்துல உக்காந்துடுச்சு’ன்னு சிரிச்சார் சார்!”

இன்ஸ்பெக்டர் எக்ஸ்ரேயைக் கவருக்குள் போட்டார்.

“இன்னிக்கு உள்ள போய் என்ன பண்ணினே?”

“கத்தினேன். ‘என் குழந்தையை என்ன பண்ணினீங்க?’ன்னு கத்தினேன். அவர் குப்புறப் படுத்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கல. தலையைக்கூடத் தூக்கல சார். வெறுத்துப் போய் அக்காகிட்ட வந்துட்டேன்.”

“கத்திட்டு வந்துட்டே…” இன்ஸ்பெக்டர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். “ஸ்டேண்டை யாரோ சுத்தமாத் துடைச்சு வெச்சிருக்காங்க. உன் பைல துணிக்குப் பஞ்சமில்ல. கோபத்துக்குக் காரணம் இருக்கு. உள்ள போன நேரம் இருக்கு. ஒரு கேஸுக்கு இதுக்கு மேல என்னம்மா வேணும்?”

“சார்… சத்தியமா நான் இல்ல சார்!”

“ஸ்டேஷன்ல பேசிக்கலாம். யோவ், நலத்துறைக்குப் போன் போட்டு, குழந்தையை இன்னிக்கே வந்து எடுத்துக்கச் சொல்லு!”

தாய் அலறவில்லை. மறுபடி மறுக்கவும் இல்லை.

தலையைத் திருப்பி, மூலையில் நின்ற கைராசிக்காரியை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண் கான்ஸ்டபிள் குழந்தையை வாங்கினாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினாள். குழந்தை வீறிட்டது!

“அப்படித் தூக்காதீங்க.”

கைராசிக்காரிதான்.

“இடது பக்கம் வலிக்கும். இங்க கொடுங்க.”

வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் விரல்கள் பழக்க தோஷத்தில் குழந்தையின் விலாவில் இறங்கின. ஒன்று… இரண்டு… மூன்று… நான்காவதில் ஒரு முடிச்சு. ஐந்தாவதில் இன்னொன்று. மிளகு அளவு.

குழந்தையின் அழுகை விக்கலாகியது. விக்கல் ஓய்ந்தது. சூடான மூச்சு ஒன்று அவள் கழுத்தில் பட்டது.

அவளுக்குள் ஏதோ அசைந்தது.

கோபமா? இல்லை. துக்கமா? அதுவும் இல்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலை நீட்டும்போது முதல் ஊசி ஒன்று குத்துமே… அது!

“சார்.”

“என்னம்மா?”

“அந்தப் பொண்ணை விட்டுடுங்க. நான்தான் அடிச்சேன்.”



ரிசப்ஷன் பெண்ணின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

“விளையாடாதீங்க மேடம். கேமராவுல நீங்க இல்லவே இல்லை!”

“கேமரா நடைக்கூடத்தைத்தான் பார்க்கும். ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு சார். துண்டு அலமாரி அந்தப் பக்கம். ஒரு நாளைக்கு முப்பது தடவை போய் வருவேன்.”

இன்ஸ்பெக்டர் கண் காட்ட, கான்ஸ்டபிள் ஓடினான். அலமாரிக்குப் பக்கத்துத் திரையை விலக்கினான். கதவு!

“சொல்லுங்க.” இன்ஸ்பெக்டரின் குரலில் கேலி போயிருந்தது.

“இவங்க அழுதுட்டே வந்து எல்லாத்தையும் சொன்னாங்க. விலாவைத் தொட்டுப் பார்த்தேன். முடிச்சு இருந்துச்சு. இதே முடிச்சை ரெண்டு மாசத்துல இன்னும் ரெண்டு குழந்தைங்ககிட்ட பார்த்திருக்கேன் சார். அவர்கிட்ட சொன்னேன். ‘உன் விரலுக்கு வயசாயிடுச்சு’ன்னார். நம்பிட்டேன். என் விரலைத்தான் சந்தேகப்பட்டேன்.”

“அப்புறம்?”

“துண்டு எடுக்கப் போனேன். அவர் படுத்திருந்தார். ஸ்டேண்ட் பக்கத்துல இருந்துச்சு.”

“அடிச்சீங்க.”

“ஒரு தடவை.”

“துடைச்சது?”

“எண்ணெய்க் கை சார். எதைத் தொட்டாலும் துடைச்சு வெக்கறது பழக்கம்.”

“அதுக்கப்புறம் என்ன பண்ணினீங்க?”

“துண்டை எடுத்துட்டு வந்து மசாஜை ஆரம்பிச்சேன்.”

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

இளம் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க்கா சொன்னீங்க? நீங்க அந்தக் கதவு வழியாப் போனதை நான் பார்த்தேன். ஆனா யார்கிட்டயும் நான் வாயே திறக்கலையேக்கா…”

“அதனாலதான் சொன்னேன்.”

குழந்தையை அவளிடம் கொடுத்தாள். தலையையும் இடுப்பையும் எப்படித் தாங்க வேண்டும் என்று காட்டினாள். விலா ஆறும் வரை மார்பிலும் முதுகிலும் மசாஜ் கூடாது என்றாள். பிறகு ரிசப்ஷன் பெண்ணிடம், “நாளைக்கு வரவங்களுக்கெல்லாம் போன் பண்ணிடு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

கண்ணில் அப்போதும் ஒரு சொட்டு இல்லை.

*

மறுநாள் மதியம். போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே மர நாற்காலியில் கைராசிக்காரி. கொடுத்த டீ தொடாமல் ஆடை கட்டியிருந்தது.

“குழந்தை?” என்றாள். இரவு முழுக்க வாய் திறக்காதவள் கேட்ட முதல் கேள்வி.

“அம்மாகிட்டதான் இருக்கு. நீங்க சொன்ன இன்னும் ரெண்டு குழந்தைங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டாங்க. ரெண்டுலயும் உடைசல்! நலத்துறைல இனி அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

அவள் தலையசைத்தாள்.

“என்னை எப்ப கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?”

“அதுலதான் சிக்கல் மேடம்.” காகிதத்தை மேஜையில் வைத்தார். “நீங்க கொலை பண்ணல!”

“பண்ணேன் சார். நான்தான் சொன்னேனே…”

“பண்ணியிருக்கவே முடியாதுங்கறேன்! போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்தாச்சு. உங்க புருஷனுக்கு மாரடைப்பு. லாரி டிரைவரை அனுப்பிச்சுட்டு வந்து படுத்தவர், படுத்த கொஞ்ச நேரத்துலயே போயிட்டார். அந்தப் பொண்ணு நின்னு கத்தினப்பவே அவர் உயிரோட இல்ல. நீங்க அடிச்ச இடத்துல ரத்தம்கூடக் கட்டல. நீங்க அடிச்சது… பொணத்தை!”



மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. பக்கத்து அறையில் யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“செத்தவரை அடிச்சதுக்கு என்ன செக்‌ஷன் போடறதுன்னு எங்க ரைட்டர் காலைலேர்ந்து புஸ்தகத்தைப் புரட்டிட்டிருக்கார்!” இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்தார். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மேடம். துணிக்கு மேல கை வெச்சே எந்தக் குழந்தைக்கு எந்த எலும்பு பிசகியிருக்குன்னு சொல்றவங்க நீங்க. கட்டின புருஷன் பக்கத்துல போய் நின்னிருக்கீங்க. செத்துக் கிடக்கறார்னு தெரியலையா?”

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“தொட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும் சார். தொடல. ‘குழந்தையை என்னங்க பண்ணினீங்க?’ன்னு கேட்டுத்தான் பார்த்தேன். பதில் சொல்லல…”

“அப்பகூடவா சந்தேகம் வரல?”

“பன்னெண்டு வருஷமா அவர் எதுக்கு சார் பதில் சொன்னார்… நேத்து மட்டும் சந்தேகப்படறதுக்கு?”