இடது பக்கத்துக் கண்ணாடி

திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போவான். இவன் எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டும் போகிறான் என்று தத்சுனோ சொன்னபோது நாகசேவுக்குச் சிரிப்பு வந்தது. ஹிராகா மேடம் ஒரு பார்வை பார்த்தார். அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பார்லித் தேநீரை ஊற்றப் போய்விட்டான்.

நுமாசு துறைமுகத்தில் விடாத மழை. ஹிராகா காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்வையிட்டே முடி நரைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நாகசே அவருடைய உதவியாள். முப்பது வயதாகியும் அவசரக் குடுக்கை.

வந்திருந்த தத்சுனோ, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருப்பது எழுபத்தொன்றாம் வருஷத்து ஃபேர்லேடி கார் ஒன்றுதான். ஆரஞ்சு நிறம், இரண்டு பேர் உட்காரலாம். தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது, ஒரு திருகாணி மாறவில்லை என்று வருஷா வருஷம் பழைய கார்காரர்கள் கூடும் இடத்தில் மைக் பிடித்துச் சொல்லுவார். கேட்கிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள்.

"மொதல்ல ஹார்ன் பொத்தான். அப்புறம் கடிகாரம். அப்புறம் பின்னால வர்ற வண்டியப் பாக்க முன்சக்கரத்துக்கு மேல நிக்குமே, அந்த இடதுபக்கக் கண்ணாடி. நேத்து நான் வெளிய போயிருந்தப்ப வலதுபக்கம். அசலைக் கழட்டிட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டுப் போயிருக்கான்," என்றார்.

"டூப்ளிகேட்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"இருபத்தெட்டு வருஷமா தினம் துடைக்கிறவன்மா நான். என் கண்ணாடி வாங்கின நாள்லேர்ந்தே ஒரு மயிரிழை உள்பக்கம் சாயும். நானே ரப்பர் வெட்டி முட்டுக்குடுத்திருக்கேன். அந்தக் காலத்துக் கைவேலை அப்படித்தான். இது என்னடான்னா விறைச்சுக்கிட்டு நிக்குது."

மாட்டிவிட்டுப் போன சாமான்கள் எங்கே என்று ஹிராகா கேட்டார்.

"புதன்கிழமை எரியாத குப்பை எடுத்தாங்கல்ல? கண்ணாடி தனி, இரும்பு தனி, ரப்பர் தனியாப் பிரிச்சுக் கட்டிப் போட்டுட்டேன். வலதுபக்கம் மட்டும் வண்டியிலயே இருக்கு. உங்களுக்குக் காட்டணுமே."

நல்ல காரியம் செய்தீர்கள் என்றான் நாகசே. ஹிராகா சன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்.

சந்தேகம் யார்மேல் என்று கேட்டதற்கு, தத்சுனோ தயங்காமல் மருமகன் கெய்ட்டாவைச் சொன்னார். கருவாட்டுக் களத்தில் வேலை பார்ப்பவன். வண்டியை விற்றுவிட்டுத் தங்களோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரிக்கிறானாம். ஷட்டர் சாவி எரிவாயு மீட்டருக்குப் பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியும். கார்க் கூட்டாளிகள் சிலருக்கும் தெரியும்.

"ஒகிமோத்தோவுக்கும் தெரியும். அவனை விடுங்க. அவன்கிட்டேர்ந்துதான் வண்டியவே வாங்கினேன், அவன் பொண்டாட்டி சீக்காக் கிடந்தப்ப. இப்ப அவனுக்கே வயித்துல கட்டி. நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம். அறுத்தும் பிரயோசனமில்லையாம். இந்தக் கூத்துல நான் இன்னும் போய்ப் பாக்கல."

கொட்டகையில் நாகசே ஆவலோடு கார்க் கதவைத் திறந்து காலை உள்ளே வைக்கப் போனான். தத்சுனோ அவன் கையைப் பிடித்து இழுத்தார். அந்த வண்டிக்குள் செருப்போடு ஏறக்கூடாது. அது முதல் சொந்தக்காரர் போட்ட சட்டம். தத்சுனோவும் கோயில் மாதிரி காப்பாற்றி வந்தார். மருமகன் ஒருநாள் சேற்றுப் பூட்ஸோடு ஏறிவிட்டான் என்பதற்காக அவனை அப்புறம் ஏற்றியதே இல்லை.

கீழே குனிந்த நாகசே அப்போதுதான் அதைப் பார்த்தான். ஓட்டுநர் பக்கத்துச் சிமெண்டுத் தரையில், காய்ந்த சேற்றில், இரண்டு காலணித் தடங்கள். வீட்டு வாசலில் கழற்றி வைப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில், நுனி வெளிப்பக்கம் பார்க்க. உள்ளே விரிப்பில் ஒரு மண் துகள் இல்லை.

"மரியாதை தெரிஞ்ச திருடன்," என்றான்.

"கண்ணாடி மாட்ட உள்ள ஏறவே வேண்டாமே, நாகசே," என்றார் ஹிராகா. "நேத்து எதுக்கு ஏறினார்?"

ஹிராகா சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, வலதுபக்கக் கண்ணாடியின் மரையைத் தடவினார். ஸ்பேனர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் சுழற்றியே கழற்றிவிட்டார். கண்ணாடி நின்ற இடத்தில் வெயில் படாத ஆரஞ்சு, நீள்வட்டமாகப் பளபளத்தது. அதைச் சுற்றி அதைவிட வெளிறிய ஒரு விளிம்பு. அதற்கு வெளியே ஐம்பது வருஷ வெயில் தின்ற நிறம். வெறுமையாக இருந்த இடதுபக்கமும் அப்படியே.

"இந்த விளிம்பு என்ன?"

"நீர்க்கறை. எத்தனை தேய்ச்சும் போகல."

ஹிராகா கண்ணாடியின் காலை மறுபடி அந்த இடத்தில் வைத்தார். வெளி விளிம்போடு கொஞ்சமும் பிசகாமல் உட்கார்ந்தது.

"கறை இல்ல சார். இந்த இடத்துல ரெண்டு விதக் கண்ணாடி நின்னுருக்கு. மொதல்ல நின்னது பெரிய கால், தொழிற்சாலைல மாட்டினது. அப்புறம் ரொம்ப வருஷம் சின்னக் கால் நின்னுருக்கு, நீங்க ரப்பர் வெச்சு முட்டுக்குடுத்தது. இப்ப வந்துருக்கறது பெரிய கால்."

தத்சுனோ புரியாமல் அவரையே பார்த்தார். நாகசேவுக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துக்கிட்டுப் போனதுதான் டூப்ளிகேட்," என்றார் ஹிராகா மெல்ல. "வெச்சுட்டுப் போனது அசல்."

பிறகு ஹிராகா, நோயாளியிடம் பேசுகிற குரலில், மீதியைச் சொன்னார். மருமகன் காலணியைக் கழற்றுகிற ஆள் இல்லை; அவன் கை பட்டிருந்தால் வண்டி கருவாடு நாறும். வந்தவரிடம் பூட்டியிருந்த வண்டிக்குச் சாவி இருந்திருக்கிறது, அசல் சாமான்கள் இருந்திருக்கின்றன, அந்தச் சட்டமும் தெரிந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து இருக்கக்கூடியவர் முதல் சொந்தக்காரர் ஒகிமோத்தோ ஒருவர்தான். நேற்று மரையை முடுக்கக்கூட அவர் கையில் வலு இல்லை.

"பொண்டாட்டிக்காக வண்டிய வித்தாரு. முழுசாக் குடுக்க மனசு வரல. நாலு சாமானை எடுத்து வெச்சுக்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டாரு. நீங்க வருஷா வருஷம் ஒரு திருகாணி மாறலன்னு மேடையில சொல்லச் சொல்ல, அவரால வாயத் திறக்க முடியல. சொன்னா அசிங்கப்படறது நீங்கதானே. சாகறதுக்கு முன்னாடி சத்தமில்லாமத் திருப்பி வெச்சிடலாம்னு பாத்தாரு. நேத்து அந்த சீட்ல உக்காந்தது, வண்டிகிட்ட சொல்லிக்கிட்டுப் போகத்தான்."

தத்சுனோ சிமெண்டுத் தரையில், அந்தத் தடங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெண்ணெயைத் தேடி வந்து கொடுத்தவனைத் திருடன் என்று சொல்லி, வெண்ணெயைத் தெருவில் எறிந்த மனுஷனுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? நல்ல காரியம் என்று தான் சொன்னது நாகசேவின் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது.

"நானே பிரிச்சுக் கட்டினேன்," என்றார் தத்சுனோ. "கண்ணாடி தனியா, இரும்பு தனியா."

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக அவருக்குத் தெம்பில்லை. நாகசேவைக் கூட்டிக்கொண்டு போனார். ஒகிமோத்தோ படுக்கையோடு படுக்கையாக ஒட்டிக் கிடந்தார். கண் மட்டும் உயிரோடு இருந்தது.

"பொருந்துச்சா?" என்றார், வேறு எதுவும் கேட்காமல்.

"அச்சு மாதிரி பொருந்திடுச்சுடா."

"கோவமா?"

"உன்னத் திட்டறதுக்கு ஊர்ல வேற ஆளா இல்ல? நான் வேற எதுக்கு?"

ஒகிமோத்தோ சிரித்தார்; சிரிப்பு இருமலில் முடிந்தது. வண்டியை முழுசாக ஒரு தரம் பார்க்க வேண்டும், இந்தச் சன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்து என்று கேட்டார். தத்சுனோ சரி என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்வது.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று ஹிராகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வாத்தியார் கேட்கவில்லை. கடையில் ஒரு போலி இடதுபக்கக் கண்ணாடி வாங்கி, ரப்பர் வெட்டி முட்டுக்கொடுத்து மாட்டினார். கடிகாரமும் ஹார்ன் பொத்தானும் இருந்த ஓட்டைகள் மேலேயிருந்து தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. நாகசே இரண்டாம் மாடியில் கட்டிலைச் சன்னலோரம் தள்ளி, ஒகிமோத்தோவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தான். கீழே ஃபேர்லேடி உறுமிக்கொண்டு வந்து நின்றது. தத்சுனோ இறங்கி, மேலே பார்த்துக் கையசைத்தார். ஒகிமோத்தோ சன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி," என்றார். "வலது நிக்குது."

நாகசே கீழே எட்டிப் பார்த்தான்.

"இடது சாயுது."

இரண்டையும் கையில் வைத்திருந்தவர். அவரை ஏமாற்ற இரண்டு மாடி உயரம் போதவில்லை. அசலைத் தூக்கிப் போட்டுவிட்டானா என்று அவர் கேட்டார். நாகசே தலைகுனிந்து நின்றான், அதுவே போதுமாயிருந்தது. ஒகிமோத்தோ எலும்பாகிப்போன கையைத் தூக்கிக் கீழே அசைத்தார். தத்சுனோ வண்டியோரம் நின்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். நிமிர அவருக்கு நேரமாயிற்று.

"எனக்குத் தெரிஞ்சதுன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார் ஒகிமோத்தோ. "நல்லா இருக்குன்னு சொன்னேன்னு சொல்லுங்க." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாகசே படியிறங்கி வந்தான். என்ன சொன்னான் என்று தத்சுனோ கேட்டார்.

"நல்லா இருக்குன்னார்."

தத்சுனோ தலையை ஆட்டிக்கொண்டு, சட்டைக் கையால் இடதுபக்கக் கண்ணாடியைத் துடைத்தார்; இரண்டு கையாலும் பிடித்து நேராக நிமிர்த்தினார். கையை எடுத்ததும் அது மறுபடி சாய்ந்தது.