கூகைப் பாலத்தில் விழுந்தவர்கள்

கூகைப் பாலம் இந்த முறை உடையவில்லை. சுகந்தி மறுகரையில் கால் வைத்தாள். தோல் கவசம் அணிந்த ரெஜினா பக்கத்தில் சிரித்தபடி நின்றாள். மகிழ்ச்சி வர வேண்டிய இடம் என்று சுகந்திக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அந்தப் பாலம் இருந்த ஏழ்கோட்டை நாடு பழைய விளையாட்டு உலகம். வரைபடத்தை விரித்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடிய காலத்தது. பிறகு அகவுலகி என்ற கருவி வந்தது. அது மூளையைப் படித்து ஆளுக்கொரு உலகத்தை நெய்து கொடுத்தது. ஒருவர் போன ஊருக்கு இன்னொருவர் போயிருக்கவில்லை. பழைய நாடுகளையும் அதற்குள் ஏற்றி, இன்னும் யாராவது விரும்புகிறார்களா என்று சோதித்து, இல்லையென்றால் அழித்துவிட அதன் நிறுவனம் நினைத்தது. சோதனைக்குக் கூப்பிட்டபோது சுகந்தி ரெஜினாவின் பெயரையும் கொடுத்தாள். இருவரும் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் கல்லூரி விடுதியில் இந்த ஆட்டம் ஆடியபோது அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தில் செத்தவர்கள் அறைக்குள் இருக்கக்கூடாது. வெளியே மாடிப்படியில் காத்திருக்க வேண்டும். கூகைப் பாலம் ஒவ்வொரு முறையும் உடைந்து எல்லோரையும் கொன்றது. இருவரும் பழகியது அந்தப் படியில்தான். அப்பா வீட்டைவிட்டுப் போனதை ரெஜினா அங்கேதான் சொன்னாள்.

சுகந்தி அகவுலகியின் தலைவளையத்தைக் கழற்றினாள். அடுத்த நாற்காலியில் ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாலம் உடையவே இல்ல, பாத்தியா?" என்றாள் சுகந்தி.

"என்ன புள்ள சொல்ற? ரெண்டு பேருந்தான விழுந்தோம். அப்புறம் நம்ம படிக்கட்டு. நீ டீ வாங்கிட்டு வந்த."

"நானா? நான் அக்கரையில நின்னுட்டிருந்தேன். உன்கூட."

கருவியைக் கவனித்துக்கொண்டிருந்த ஜெயசீலன் திரும்பினான். "நாடு ஒண்ணுதானுங்க மேடம். ஆனா ஆளுக்குத் தகுந்த மாதிரி நடக்கும். கூட வர்றவங்களையும் அதுவே பண்ணிக்கும், நெச ஆள் இல்லைங்க." ஆடியவர்களின் திருப்தியை அளக்கும் நிறைவுமானியைக் காட்டினான். "ரெண்டு பேருக்குமே நல்லா வந்திருக்குதுங்க. இனி நாட்டை அழிக்க மாட்டாங்க."

சுகந்தி ரெஜினாவைப் பார்த்தாள். "படியில என்ன சொன்ன எங்கிட்ட?"

"விடு."

"சொல்லுடி."

"எல்லாத்தையுந்தான். டாக்டர் சொன்னதுல இருந்து. நீ அழுத. நெசத்துல நீ அப்படி அழமாட்ட, எனக்கு அப்பவே தோணியிருக்கணும்." ரெஜினா சிரித்தாள். "ஒருக்கா சொல்லியாச்சு. இன்னொருக்கா சொல்லத் தெம்பில்ல."

"எந்த டாக்டர்?"

ரெஜினா கைப்பையை எடுத்துக்கொண்டாள். சுமையை இறக்கிவைத்த முகம். "வரட்டா? நீ கூப்பிடலைன்னா யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். ரொம்ப தேங்க்ஸ்."

கதவு மூடியது. பின்னால் ஓடியிருக்கலாம். ஓட வேண்டும் என்பதும் சுகந்திக்குத் தெரிந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. ரெஜினா மறுபடியும் சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு என்ன செய்வது?

தலைவளையத்தை எடுத்து மாட்டினாள்.

மறுகரையில் ரெஜினா அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"ரெஜி, எந்த டாக்டருடி?"

"டாக்டரா? எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கறேன்" என்று ரெஜினா அவள் தோளில் கைபோட்டாள்.

அன்றைக்கு முதல்முறையாகச் சுகந்திக்கு நிம்மதியாக இருந்தது.