காலி செய்த டப்பா

நேற்று சாயங்காலம் அவள் தன் கையாலேயே காலி செய்த தூசி டப்பா, காலையில் பார்த்தால் விளிம்புவரை நிரம்பியிருந்தது. இடையில் அந்த வேக்குவம் கிளீனரை யாரும் தொடவில்லை. தொடுவதற்கு வீட்டில் வேறு ஆள் ஏது? நான்கு மாதமாக அவளும் சுவர்களும்தான்.

குனிந்து மூடியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஈரத்துணியை வாளியில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. அதற்கும் அடியில், ரொம்ப நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் அறையில் மட்டும் வரும் ஒரு தித்திப்பு. இதில் கொடுமை என்னவென்றால், நாற்றம் போகட்டும் என்று ஒரு வாரமாக அவள் வீடு முழுக்க இழுத்துப் பெருக்கியது இந்த இயந்திரத்தால்தான். முன்னால் தூசியை உறிஞ்சிப் பின்னால் காற்றை விடும் சாமான் அது. அறை அறையாகப் போய் நாற்றத்தைத் தானே பரிமாறியிருக்கிறாள்.

இன்றைக்கு நாலு மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி வருகிறார், மகளையும் கூட்டிக்கொண்டு. போன தடவை அந்த அம்மாள் படிவத்தில் எல்லா இடத்திலும் சரி போட்டுவிட்டு, கடைசியில் 'வீட்டில் காரணம் தெரியாத துர்நாற்றம்' என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியால் ஆறு வயதுக் குழந்தை இன்னும் ஒரு மாதம் நாத்தனார் வீட்டில் கிடந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் இவளுக்குத் தூக்கம் கெட்டு, சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லப்போய்த்தான் இத்தனையும். அன்றே பிரிந்துபோன கணவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் "அவளுக்குத் தலை சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்று அதிகாரி கையெழுத்துப் போட்டால் குழந்தை இங்கேயே தங்கும். இல்லாவிட்டால் மறுபடி கேட்கவே முடியாது.

டப்பா தானாக நிரம்புவது இது முதல் தடவை இல்லை; தூக்கி எறிந்தும் பார்த்தாயிற்று. செவ்வாய்க்கிழமை அதைக் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். காவலாளி நல்லெண்ணத்தோடு மாடிவரை தூக்கிவந்து கொடுத்தார். நல்ல மெஷினை எறிகிறாள் என்று கீழ்வீட்டுக்காரி அதைக் கணவனிடம் போட்டுக்கொடுத்தாள். இனி எறியவும் வழியில்லை.

பதினொரு மணிக்கு மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பதறாதீங்க. டப்பாவ சோப்புத் தண்ணில கழுவுங்க. பிரஷ்ல சுத்தியிருக்கிற முடிய வெட்டி எடுங்க. கார்பெட்டு, சோபா எல்லாத்துலயும் சமையல் சோடாவத் தூவி, அரை மணி கழிச்சு மெஷினால இழுத்துடுங்க. நாத்தம் ஓடியே போயிடும்."

"ஃபில்டரு?"

"அதையும் அலசுங்க. ஆனா ஒரு நாள் முழுக்கக் காயணும். ஈரத்தோட மட்டும் மாட்டிடாதீங்க. முன்னவிட மோசமாயிடும்."

கடைசியில் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. அதற்குள் பாதிக் கார்பெட்டுக்குச் சோடா தூவியாயிற்று.

குளியலறைத் தரையில் இயந்திரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பரப்பினாள். ஃபில்டரைக் குழாயடியில் பிடித்தால் முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது, பிறகு பழுப்பு நிறம், பிறகும் பழுப்பு நிறம். வினிகர் ஊற்றினாள், சோப்புப் போட்டாள், விரல் நுனி வெளுத்துச் சுருங்கும்வரை பிழிந்தாள். இருபது தடவைக்குப் பிறகும் தண்ணீர் தெளியவில்லை. அப்படியே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துப் பிரஷ்ஷில் சுற்றியிருந்த முடியை வெட்ட உட்கார்ந்தாள்.

அவளுடைய முடி காதோடு நிற்கும். மகளுக்குச் சுருட்டை. பிரஷ்ஷிலிருந்து வந்ததோ முழ நீளத்துக்கு நேராக, சிக்கில்லாமல், எண்ணெய் மினுக்கோடு. ஒவ்வொரு இழையின் நுனியிலும் வெள்ளையாக வேர். வெட்ட வெட்ட அடியில் இன்னொரு சுற்று இருந்தது. பக்கத்திலிருந்த குப்பைக்கூடை நிறைந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மூடிப் பத்துவரை எண்ணினாள். கண்ணைத் திறந்தபோதும் கூடை நிறையத்தான் இருந்தது. யாரிடம் சொல்வது? சொன்னால் அன்றோடு கதை முடிந்தது. கூடையைப் பையில் கொட்டி, மூன்று முடிச்சுப் போட்டாள்.

மூன்றரை மணி. வீடு முழுக்க வெள்ளை வெளேரென்று சோடா. ஃபில்டர் இன்னும் ஈரம். தலைமுடி உலர்த்தும் மெஷினால் அதற்குச் சூடு காட்டினாள். மேலே காய்ந்தது, அழுத்தினால் உள்ளே ஈரம் கசிந்தது. அப்போதுதான் மெக்கானிக் சொன்னது மண்டையில் உறைத்தது. துடைப்பத்தால் தள்ளிப் பார்த்தாள், சோடா கார்பெட்டுக்குள் இன்னும் இறங்கியது. இந்தக் கோலத்தில் வீட்டைப் பார்த்தால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? ஈரத்தோடேயே மாட்டினாள்.

இயந்திரம் ஒரு செருமலோடு கிளம்பியது. சோடா போன இடம் தெரியவில்லை. நாற்றமும் போயிற்று. வினிகர் வாசனை, சோப்பு வாசனை, அவளுடைய வியர்வை வாசனை, எல்லாமே அதோடு சேர்ந்து மறைந்திருந்தன. டப்பாவைப் பார்த்தாள். அத்தனை வெள்ளையை இழுத்தும் உள்ளே சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, நடையில் இருந்த அலமாரிக்குள் அதைத் தள்ளிச் சாத்தினாள்.

வாசல் மணி அடித்தது.

"அம்மா!" மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அதிகாரி மூச்சை இழுத்துப் பார்த்தார். "பரவாயில்லையே! இன்னைக்கு ஒரு வாசனையும் இல்ல."

குழந்தை தன் அறையைப் பார்க்க உள்ளே ஓடினாள். அதிகாரி மேசையில் காகிதங்களை விரித்தார். பெயர், தேதி, அறைகளின் எண்ணிக்கை.

நடையிலிருந்து ஒரு சத்தம். காற்றை நீளமாக உள்ளே இழுக்கும் சத்தம். நின்றது. மறுபடி இழுத்தது.

"உள்ள ஏதாவது ஓடுதா?"

"ஃப்ரிட்ஜு, மேடம்."

அலமாரிக் கதவு கிரீச்சென்றது. குழந்தை யாரிடமோ பேசினாள். பதிலுக்குக் காத்திருந்தாள். சிரித்தாள்.

"யார்கிட்ட பேசறா?"

"அவ அப்படித்தாங்க. தனியாப் பேசி விளையாடுவா."

எழுந்து ஓட வேண்டும். ஓடினால் போச்சு. கத்தினால் போச்சு. நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "கேக்கணும்னு விதி, தப்பா எடுத்துக்காதீங்க. இப்பவும் பயம், சத்தம் கேக்கறது, அந்த மாதிரி ஏதாவது?"

நடையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"இல்லைங்க மேடம்," என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். "ஒண்ணுமே இல்ல."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். வாழ்த்தினார். செருப்பை நிதானமாக மாட்டினார். கதவு சாத்திக்கொண்டது.

ஓடினாள்.

அலமாரி திறந்திருந்தது. குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். இயந்திரத்தின் ஒயர் சுற்றியபடியே இருந்தது, பிளக்கில் செருகவில்லை. டப்பாவின் மூடி ஓரமாகக் கிடந்தது. குழந்தையின் வலது கை முழங்கைவரை உள்ளே.

பிளாஸ்டிக் வழியாகத் தெரிந்தது. சின்ன உள்ளங்கை. அதன்மேல் தூசி. இன்னொரு கை மாதிரி, ஐந்து மடிப்பாக. விரலுக்கு மேல் விரலாக.

"அம்மா, இது கைய விடமாட்டேங்குது."

குழந்தை இடது கையை நீட்டினாள். அவள் அதைப் பற்றிக்கொண்டாள். இழுத்தாள்.

உள்ளேயிருந்து அதுவும் இழுத்தது.