எட்டாவது விளக்கு

ஸ்டுடியோ ரேக்கில் பூட்டியிருந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற ஒலிப்பதிவுப் பெட்டியின் முகத்தில் எட்டுத் துளைகள், அவற்றுக்கு மேலே எட்டுச் சின்ன விளக்குகள். துளையில் மைக் வயரைச் செருகி யாராவது பாடினால் அதன் விளக்கு பச்சையாக மினுங்கும், கத்தினால் சிவக்கும். எதுவும் செருகாத துளையின் விளக்கு எரியாது, எரியவும் கூடாது. அன்றைக்கு எட்டாவது விளக்கு பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் வயர் இல்லை. அனுராதா குனிந்து விரலை விட்டே பார்த்தாள்.

"எல்லாம் உங்களாலதான்" என்று பக்கத்தில் இல்லாத புருஷனை வைதாள். போன மாதம் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணக் கச்சேரிக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுபோன குணசேகரன், திரும்பும் வழியில் வேனை வாய்க்காலில் இறக்கிவிட்டான். அந்த வேனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறைக்காக மண்வெட்டியால் மாறி மாறிக் கொத்திக்கொண்டு செத்த மதகுக்குக் கீழேதான் அது போய் விழுந்தது. நனைந்த பெட்டியை வீட்டு அரிசி அண்டாவுக்குள் புதைத்து வைத்தான், நனைந்த செல்போனுக்குச் செய்கிற வைத்தியம். "இந்த ஊர்ல பொறந்துட்டு அரிசிக்கு யோசிக்கலாமா அனு?" என்று கிண்டல் வேறு. பெட்டி பிழைத்துக்கொண்டது. அரிசியில்தான் சேறும் இரும்பும் கலந்த ஒரு வாடை ஏறிவிட்டது. எத்தனை தண்ணீரில் களைந்தும் போகாமல், மாட்டுக்கு வைத்தார்கள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது.

ஸ்டுடியோ இருந்தது திருவிடைமருதூருக்கு வெளியே, மாமனாருடைய ரைஸ் மில்லின் நெல் குடோனில். சுவரெல்லாம் பஞ்சு அடைத்து, கதவுக்குள் கதவு போட்டு, விளிம்பில் ரப்பர் ஒட்டி, உள்கதவைச் சாத்தினால் இடி விழுந்தாலும் கேட்காதபடி குணசேகரன் அதைக் கட்டியிருந்தான். அத்தனை பஞ்சையும் மீறி மழைக்காலத்தில் உமி வாசனை மட்டும் எங்கிருந்தோ கசிந்து வரும். குடோன் தன் பங்கு என்று அவனுடைய அண்ணன் தியாகராசன் சொல்லிக்கொண்டிருந்தார். வாயால் மட்டும் சொல்கிற ஆள் இல்லை. தீபாவளிக்கு முந்தி அரிவாளோடு வந்து வெளிக்கதவைக் கொத்தி, உள்கதவின் தாழ்ப்பாளை உதைத்துப் பெயர்த்து, "அடுத்த தடவ கதவ வெட்ட மாட்டேன்டி" என்று அனுராதாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். குடோனின் பழைய சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது.

பெயர்ந்த தாழ்ப்பாள் அப்படியே கிடந்தது. கேட்டால், "பண்டிகை முடியட்டும், போட்டுர்றேன்" என்பான் குணசேகரன். மைக் ஸ்டாண்டில் திருகு கழன்று, தொட்டால் கிணுங்குவதற்கும் அதே பதில்தான். நல்லவன், சோம்பேறி. அவளுக்கு அவன்மேல் ஆசையும் எரிச்சலும் ஒன்றாகவே வரும். ஆனால் தாழ்ப்பாள் விஷயத்தில் எரிச்சல் இல்லை, பயம். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் எழில்மொழியைப் பள்ளி வேன் சாயங்காலம் இந்த வாசலில்தான் இறக்கிவிடும். அண்ணன் வெறியேறி வருகிற நேரமும் குழந்தை வந்து இறங்குகிற நேரமும் ஒன்றாகிவிடக் கூடாதே என்று வேண்டாத நாள் கிடையாது.

கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் காதில் மாட்டி, எட்டாவது துளையின் ஒலியைக் கூட்டினாள்.

மழை கேட்டது. தகரக் கூரையில் முதலில் நாலைந்து சொட்டு, கொஞ்சம் மௌனம், பிறகு ஒரேயடியாகக் கொட்டல், அதற்கு நடுவே எங்கோ ஒரு தகரம் டொம், டொம்மென்று அடித்துக்கொண்டது. இரண்டு கதவையும் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். மழை இல்லை. சம்பா வயலில் ஒரு தோகை அசையவில்லை, வரப்பில் கொக்கு நின்றது, சாய்ந்த வெயிலில் கண் கூசியது. ஈரம் போயிருக்காது, ஷார்ட் ஆகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள். பாதிகூடக் குடித்திருக்க மாட்டாள். கூரையில் நாலைந்து சொட்டு விழுந்தது. கொஞ்சம் மௌனம். பிறகு கொட்டியது. மில்லின் தகரம் டொம், டொம்மென்று அடித்துக்கொண்டது. ஒரு தடவை கேட்ட தாளம் அவளுக்கு மறக்காது, அதுதான் அவள் பிழைப்பு. டீ டம்ளரை வாசலிலேயே வைத்தாள்.

வெளிக்கதவைப் பூட்டி, உள்ளே வந்து உள்கதவைச் சாத்தியதும் கரண்ட் போனது. பஞ்சு வைத்த அறையின் இருட்டு சாதாரண இருட்டு இல்லை, முகத்தில் போர்வையை அமுக்கிய மாதிரி இருக்கும். யுபிஎஸ் புண்ணியத்தில் ரேக் மட்டும் விழித்திருந்தது. அந்தப் பச்சைப் புள்ளி விட்டு விட்டு மினுங்கியது, யாரோ பேசுகிற மாதிரி. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டாள்.

"ஹலோ... ம், கேக்குதுங்க... ஐயோ, எப்ப கெளம்புனாரு?... சரி, தொறக்கல... ஏங்க, பாப்பா வர்ற நேரங்க... ஹலோ? ஹலோ?"

அவளுடைய குரல். அவள் இன்னும் பேசாத பேச்சு.

ஹெட்போனைக் கழற்றிய கை கீழே வருவதற்குள் செல்போன் அடித்தது. குணசேகரன். வாயையே திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தாள்.

"அனு, கேக்குதா?" இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான்.

"ஹலோ... ம், கேக்குதுங்க."

"அண்ணன் குடிச்சிட்டு அருவாளோட வூட்ட வுட்டுக் கெளம்பிட்டாராம். இன்னைக்கு முடிச்சிர்றேன்னு சொல்லிட்டு வர்றாராம்."

"ஐயோ, எப்ப கெளம்புனாரு?"

"அண்ணன் வூட்டுல வேல செய்யிற பூவம்மா இப்பத்தான் போன் பண்ணிச்சு. யாரு தட்டுனாலும் கதவத் தொறக்காத."

"சரி, தொறக்கல." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. "ஏங்க, பாப்பா வர்ற நேரங்க..."

"நான்..." என்றான் குணசேகரன். அதோடு டவர் போய்விட்டது.

"ஹலோ? ஹலோ?"

எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. வெளியே ஓடலாம் என்றால் இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒரே பாதை. அந்தப் பாதையில்தான் அவர் வருகிறார். ஒருவேளை குழந்தையின் வேனும். என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஹெட்போனை மாட்டினாள்.

பூட்டில் சாவி உரசியது. வெளிக்கதவு முனகியது. நனைந்த செருப்பு சளக் சளக்கென்று வந்தது. உள்கதவின் ரப்பர் பிரிந்தது. அப்புறம் சிதறுகாய் உடைந்த மாதிரி ஓர் அடி, அதன் வாலில் மெல்லிய இரும்புக் கிணுக்கம். ஆண் தொண்டையிலிருந்து ஓர் உறுமல். ஒரு பெண்ணின் அலறல், அதுவும் அவள் குரல்தான். மறுபடி அடி. மறுபடி. எட்டாவது விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. அலறல் நிற்கவில்லை, அடியும் நிற்கவில்லை. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். அது வயரோடு ரேக்கில் தொங்கி ஆடியது.

தன் சாவைத் தானே கேட்டுவிட்டாள். அவள் விழுந்தபின் வாசலில் வேன் வந்து நிற்கும். குழந்தை இறங்கி உள்ளே ஓடிவரும். கதவருகே அவர் நிற்பார்.

அது நடக்காது. அவள் இருக்கும்வரை நடக்காது.

இருட்டில் தடவி மைக் ஸ்டாண்டை எடுத்தாள். அதன் அடியில் வட்டமான இரும்புத் தட்டு, தூக்கவே கனக்கும். தலைகீழாகப் பிடித்தாள். கதவோரம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முதுகில் பஞ்சு. உமி வாசனை. சேற்று வாடையும்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இடியே கேட்காத கதவு.

ரப்பர் பிரிந்தது.

கருப்பாக ஓர் உருவம். மழை நாற்றம்.

அடித்தாள்.

கிணுங்.

உறுமல். அவள் அலறினாள். அவள்தான் அலறினாள். மறுபடி அடித்தாள். கிணுங். உருவம் முட்டி போட்டது. கை ஒன்று மேலே வந்தது. கையோடு சேர்த்து அடித்தாள். எலும்பு நொறுங்கியது மணிக்கட்டுவரை தெரிந்தது. கிணுங். கழன்ற திருகு. நாள் தவறாமல் கேட்கிற சத்தம். தெரிந்துவிட்டது. தெரிந்தும் கை நிற்கவில்லை. காதில் கேட்ட தாளத்தை முழுக்க அடித்து முடித்துத்தான் கை ஓய்ந்தது.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். குணசேகரன் வாசற்படிக்குக் குறுக்கே கிடந்தான். ஒரு பக்கத்து முகம் மட்டும் இருந்தது. நொறுங்காத கையில் ஈரக் காகிதப் பொட்டலம், அதற்குள் புதுத் தாழ்ப்பாளும் நாலு திருகாணியும்.

அவனுடைய உறுமலை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எப்படிக் கண்டுகொள்வாள்? பத்து வருஷமாக அவன் சிரிப்பையும் குறட்டையையும்தான் கேட்டிருக்கிறாள், அடிபட்டு அவன் கத்திக் கேட்டதில்லை. அலறுகிறவள்தான் அடி வாங்குகிறாள் என்று நினைத்துவிட்டாள். ஒற்றை மைக்கில் பதிந்த ஒலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது. யார் அடிக்கிறார், யார் வாங்குகிறார் என்று அது சொல்லாது. ஒலிப்பதிவுக்காரிக்கு அது பாலபாடம். "ஏங்க" என்று கூப்பிட்டாள். "ஏங்க, எந்திரிங்க." அவன் கிடந்த கதவு சாத்தாமல் நின்றது. மழைச் சத்தம் முதல்முறையாக அந்த அறைக்குள் வந்தது.

ரேக்கில் தொங்கிய ஹெட்போன் கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. எட்டாவது விளக்கு பச்சையாக இருந்தது. அந்த ஒலி இன்னும் முடியவில்லை. அவள்தான் முடியும்வரை கேட்கவில்லை.

இடது கையால் காதில் வைத்தாள்.

மழை. அவளுடைய மூச்சு. வேன் ஹாரன். தண்ணீரில் தத்தித் தத்தி வரும் சின்னச் செருப்பு.

"அம்மா... கரண்ட் இல்லியா? அப்பா ஏன் கீழ படுத்திருக்காங்க?"

சிதறுகாய்.

கிணுங்.

ஹெட்போன் கையிலிருந்து விழுந்தது. ஸ்டாண்ட் விழவில்லை. வலது கை விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. இடது கையால் நெம்பினாள், நகத்தால் கீறினாள், கடித்தாள். வாயில் ரத்தம் கரித்தது. விரல்கள் இரும்போடு இரும்பாக இருந்தன.

வாசலில் ஹாரன் அடித்தது.

வராதே என்று கத்த வேண்டும். ஹெட்போனில் அப்படி ஒரு குரல் கேட்கவில்லை. தொண்டையிலிருந்தும் வரவில்லை.

தண்ணீரில் சின்னச் செருப்பு. தத்தி. தத்தி.

"அம்மா..."

அவள் கை ஸ்டாண்டைத் தூக்கியது. எட்டாவது விளக்கு அதற்குள் சிவந்திருந்தது.